ஒட்டுமா, ஒட்டாதா? வீட்டுப் பழுதுகளும் பசைகளும்: வாசகர் கேள்வி பதில்

உடைந்ததை எறிந்துவிட மனமில்லாத வாசகர்கள் எழுதிய கடிதங்களில், பசை பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவை கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற, கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கிற மாவட்டம் அது. பசை உறையில் அச்சிட்டிருக்கும் காயும் நேரத்தை அங்கே அப்படியே நம்ப முடியாது என்பதை மனத்தில் வைத்துப் பின்வரும் பதில்களைப் படிக்க வேண்டுகிறோம்.

கேள்வி: பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிசல் கண்டு விரிந்துவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். மறுநாள் உட்கார்ந்ததும் விட்டுவிட்டது. அதே பசை என் மகனின் பொம்மைக் காரை நன்றாக ஒட்டியது. ஏன் இந்த வேறுபாடு, ஐயா?
(வாசகி, தக்கலை)

பதில்: பொம்மைக் கார் பெரும்பாலும் ஏ.பி.எஸ். அல்லது பாலிஸ்டைரீன் வகைப் பிளாஸ்டிக்கில் செய்யப்படுகிறது. உங்கள் நாற்காலி பாலிபுரொப்பிலீனில் செய்யப்பட்டது. எந்தப் பசையும் முதலில் மேற்பரப்பை நனைத்துப் பரவினால்தான் பிறகு இறுகிப் பிடிக்கும். பாலிபுரொப்பிலீனிலும், வாளி, குடம், மாடித் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்குப் பயன்படும் பாலிஎத்திலீனிலும் பசை சேம்பிலையில் விழுந்த தண்ணீரைப் போல ஒதுங்கி நிற்குமே தவிர, பரவுவதில்லை. காய்ந்த பிறகு நகத்தால் நெம்பினாலே முழுத் தகடாகக் கழன்று வரும்.

பொருளின் அடியில் முக்கோணக் குறிக்குள் அச்சாகியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 2, 4 என்றால் பாலிஎத்திலீன். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் சாதாரணப் பசைகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். 3 என்பது பி.வி.சி., 6 என்பது பாலிஸ்டைரீன். இவை இரண்டும் உரிய பசைக்கு நன்றாகவே கட்டுப்படும். ஒட்டாத பிளாஸ்டிக்குகளின்மேல் முதலில் ஒரு திரவத்தைப் பூசிவிட்டுப் பிறகு ஒட்டுகிற இரட்டைப் பசைகளும் விற்கின்றன. சோப்புப் பெட்டி, டப்பா மூடி போன்ற பாரம் ஏறாத பொருள்களுக்கு அவை போதும்.

நாற்காலிக் கால் அப்படிப்பட்டதன்று. இரு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்க முயலும் இழுப்பைப் பசை நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து தூக்கி உரிக்கும் இழுப்புக்கு மிக எளிதாக விட்டுக்கொடுக்கும். சுவரில் ஒட்டிய செலோடேப்பைக் கீழ்நோக்கி இழுத்தும், ஒரு முனையைத் தூக்கி உரித்தும் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். ஒருவர் சாய்ந்து உட்காரும்போது விரிந்த கால் ஒவ்வொரு முறையும் உரிக்கும் திசையிலேயே நெம்பப்படுகிறது. ஆகவே முதுகிலோ கைப்பிடியிலோ விரிசல் இருந்தால் இருபுறமும் சிறு துளைகள் இட்டுக் கம்பியால் தைத்துக்கொள்ளலாம்; கால் விரிந்த நாற்காலியை மட்டும் எந்தப் பசையையும் நம்பி முதியவர்களுக்குப் போடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி விரிந்திருந்தால், அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியைச் சூடாக்கி உருக்கிப் பற்றவைக்கும் ஆளை அழைப்பதுதான் வழி.

கேள்வி: தாத்தா காலத்துத் தேக்கு நாற்காலி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கால்களும் கைகளும் ஆடுகின்றன. ஆணி அடித்துவிடலாம் என்கிறார் ஆசாரி. மூட்டுகளில் ஃபெவிகால் ஊற்றினால் போதாதா?
(வாசகர், இரணியல்)

பதில்: ஆணி வேண்டாம். மூட்டின் முனை பிளந்துபோக வாய்ப்புண்டு. கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்து மரத்தில் கருங்கறையும் ஏற்றும். அடுத்த முறை கழற்ற வேண்டி வந்தால் மரத்தைச் சிதைக்காமல் கழற்ற இயலாது. ஊற்றினால் போதாதா என்ற கேள்விக்கும் போதாது என்பதே பதில், அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை நீரில் கலந்த பாலிவினைல் அசிடேட் ஆகும். நீர் மரத்துக்குள் இறங்கிக் காற்றில் வெளியேறும்போது, பசை மரத்தின் நார்களுக்கிடையே புகுந்து இறுகுகிறது. மூட்டுக்குள் பழைய பசை படிந்திருந்தால் நார்களின் வாய் அடைபட்டிருக்கும். புதுப்பசை அந்தப் பழைய படிவத்தின்மேல் வெறுமனே காய்ந்து கிடக்கும். ஆடும் மூட்டின் இடைவெளியை நிரப்பவும் அதற்கு வலுவில்லை. மெல்லிய படலமாக, நெருக்கி அழுத்தப்பட்ட நிலையில் காய்ந்தால் மரத்தைவிட வலுவாகப் பிடிக்கும் அதே பசை, தடித்த கட்டியாகக் காய்ந்தால் எதற்கும் உதவாது.

முதலில் எந்தப் பசை உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கால நாற்காலிகளில் பெரும்பாலும் வஜ்ஜிரம் இட்டிருப்பார்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த அந்தப் பசை, பழுப்பு நிறத்தில் கண்ணாடிச் சில்லாக மூட்டிலிருந்து உதிரும். அதன்மேல் ஒரு சொட்டு வெந்நீர் விட்டு விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். அப்படியானால் வேலை எளிது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூட்டில் சுற்றி வைத்து, சற்று நேரம் கழித்து ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் மூட்டு தானே கழன்றுவரும். பிரிக்கும் முன்பு ஒவ்வொரு துண்டிலும் அது சேரும் இடத்திலும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். எல்லாக் கால்களும் ஒன்றுபோலத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் தன் துளைக்கு மட்டுமே பொருந்தும்.

பிரித்த துண்டுகளில் பழைய பசையை மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள், மரத்தைச் சுரண்டாதீர்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மூட்டின் பொருத்தமே முதல் பலம், பசை அதற்குத் துணை. முனை தேய்ந்து தளர்வாக இருந்தால், அதே மரத்தின் மெல்லிய சீவலை முனையைச் சுற்றி ஒட்டிக் காயவிட்டு, துளைக்குள் இறுக்கமாக இறங்கும் வரை உப்புத்தாளால் தேய்த்துக் கொள்ளுங்கள். இரு பொருள்களைக் கலந்து இறுகவைக்கும் எபாக்சி என்னும் பசையில் மரத்தூளைக் குழைத்து அடைப்பவர்களும் உண்டு. பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த மூட்டை யாரும் பிரிக்க முடியாது என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்த்தன்மை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனில் நனைத்த துணியால் இரு பக்கமும் துடைத்துவிடுங்கள். பசையைத் துளையிலும் முனையிலும் மெல்லியதாகத் தடவிச் செருகி, வழிந்ததை ஈரத் துணியால் உடனே துடைக்க வேண்டும். காய்ந்தபின் அது வார்னிஷ் ஏறாத வெள்ளைத் திட்டாக நிற்கும். இறுக்கிப் பிடிக்கும் நீண்ட கிளாம்பு வீட்டில் இல்லையெனில், நான்கு கால்களையும் சுற்றிச் சணல் கயிற்றை இரண்டு சுற்றாகக் கட்டி, இரு இழைகளுக்கு நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். கயிறு இறுக இறுக மூட்டுகளிலிருந்து பசை சிறு மணிகளாகக் கசியும். அந்த அளவில் நிறுத்திக் குச்சியைச் சட்டத்தோடு கட்டிவிடலாம். கயிறு படும் மூலைகளில் பழந்துணி வைக்க மறக்க வேண்டாம். நாற்காலியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு கால்களும் தரையில் படுகின்றனவா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண நாள்களில் 24 மணி நேரம், ஆனி ஆடி மழையில் இரண்டு நாள் கட்டை அவிழ்க்காமல் இருப்பது நல்லது.

சாரல் படும் வராந்தாவில் போடுவதாக இருந்தால் நீரைத் தாங்கும் மரைன் வகை வெள்ளைப் பசையை வாங்குங்கள். அறைக்குள் இருக்கும் நாற்காலி என்றால், கிடைக்குமானால், வஜ்ஜிரத்தையே திரும்ப இடலாம். பழைய வஜ்ஜிரத்தின் மிச்சத்தோடும் அது கலந்து பிடிக்கும்.

கேள்வி: எங்களுக்குச் சொந்தமாக ரப்பர் தோட்டம் உண்டு. பால் இவ்வளவு ஒட்டுகிறதே, இதையே வீட்டில் பசையாகப் பயன்படுத்தினால் என்ன?
(வாசகர், குலசேகரம்)

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் இடம் பார்த்து. ரப்பர் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர், மீதி பெரும்பாலும் நீர். உலகெங்கும் தாள் உறைகளுக்கும் தரைவிரிப்புகளுக்கும் செருப்புத் தொழிலுக்கும் ரப்பர் பால் பசையாகவே பயன்படுகிறது. இரு பக்கமும் தடவிக் காயவிட்டு அழுத்தினால், ரப்பர் படலங்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அட்டை, துணி, தோல் ஆகியவற்றில் இது நன்றாகவே வேலை செய்யும்.

மரத்திலிருந்து எடுத்த பால் சில மணி நேரத்தில் தானாகவே திரளத் தொடங்கும்; அதனால்தான் சேமிக்கும் இடங்களில் அம்மோனியா சேர்க்கிறார்கள். ரப்பர் ஷீட் அடிப்பதற்காக, திரளவைக்கும் பார்மிக் அமிலம் கலந்த பால் பசைக்கு ஆகாது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத ரப்பர் என்பதால் வெயிலில் இளகிப் பிசுபிசுத்து, பின்னர் வெடித்து உதிரும். எண்ணெய் பட்டால் ஊறி உப்பும். இன்னொன்றும் உண்டு: செம்பு ரப்பரை விரைவில் சிதைத்துவிடும். பித்தளை விளக்கின் அடியில் மெத்தை ஒட்டவோ, செம்புக் குடத்தில் எதையாவது பொருத்தவோ ரப்பர் பாலைத் தொடாதீர்கள். சிலருக்கு ரப்பர் பாலால் தோலில் ஒவ்வாமை ஏற்படும். தடிப்போ அரிப்போ தோன்றினால் உடனே நிறுத்தி, கையைக் கழுவிவிட்டு, ரப்பர் பாலைத் தொடாமல் வேறு பசைக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: மகளின் பரதநாட்டிய நகைகளில் கற்கள் அடிக்கடி விழுகின்றன. சூப்பர் க்ளூ போட்டால் கல் மங்கிப்போகிறது.
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: மங்குவதற்குக் காரணம் பசையின் ஆவி. சயனோஅக்ரிலேட் என்னும் அந்தப் பசை காற்றிலும் மேற்பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகுவது. அளவுக்கு மிஞ்சி இட்டால் அதன் ஆவி ஈரக்காற்றில் வெண்பொடியாகப் படியும். உங்கள் ஊர்க் காற்று அதற்கு ஏற்றதாக இருக்கிறது.

இரண்டு குழாய்களில் வரும் எபாக்சியை, அரால்டைட் போன்றதை, வாங்கிக்கொள்ளுங்கள். கல் விழுந்த குழியில் பழைய பசையைக் குண்டூசியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பலர் இதைச் செய்யாததால்தான் ஒரே கல் மீண்டும் மீண்டும் விழுகிறது. இரு குழாய்களிலிருந்தும் உறையில் சொன்ன அளவில் எடுத்து, நிறம் ஒன்றாகும் வரை குழையுங்கள். இறுக்கும் பொருளைக் கூடுதலாகச் சேர்த்தால் விரைவில் காயும் என்று நினைப்பது தவறு; அளவு மாறினால் பசை எந்நாளும் முழுமையாக இறுகாமல் மென்மையாகவே நிற்கும். பல்குச்சி நுனியில் கடுகளவு பசையைக் குழியில் வைத்து, தீக்குச்சி முனையில் சிறிது மெழுகை உருட்டி வைத்து அதனால் கல்லை எடுத்துப் பொருத்துங்கள். கல்லின் பின்புறம் கண்ணாடிபோல் மின்னும் பூச்சு இருந்தால் அதைச் சுரண்டக் கூடாது. கல்லின் ஒளியே அதில்தான் இருக்கிறது. நகையை மட்டமாக வைத்து ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விடுங்கள். அரங்கேற்றத்துக்கு முந்தைய இரவில் இந்த வேலையைத் தொடங்குவதில் பயனில்லை.

நகை வடசேரிக் கைவினைஞர்கள் செய்த அசல் கோயில் நகையாக இருந்தால் நீங்கள் தொட வேண்டாம். உள்ளே அரக்கு நிரப்பியிருக்கக்கூடும். அதைச் சூடாக்கிக் கல் பதிப்பது அவர்கள் கைக்குப் பழகிய வேலை. புவிசார் குறியீடு பெற்ற கைவினைக்குள் எபாக்சியை நுழைத்துவிட்டால் பிறகு அவர்களாலும் அதைச் சீர்செய்வது கடினம்.

கேள்வி: குளியலறைப் பி.வி.சி. குழாயின் மூட்டில் நீர் கசிகிறது. வெளியே சால்வென்ட் சிமென்ட் பூசினேன், எம்-சீலும் வைத்தேன். இரண்டும் நிற்கவில்லை.
(வாசகர், குளச்சல்)

பதில்: சால்வென்ட் சிமென்ட் வழக்கமான பசை அன்று, குழாயின் மேற்பரப்பைக் கரைத்து, கரைந்த இரு பரப்புகளையும் ஒன்றாக்குவது. மூட்டுக்கு வெளியே பூசினால் உள்ளே எதுவும் கரைவதில்லை. எம்-சீல் போன்ற எபாக்சிக் களிமண்ணோ, நீர் ஒழுகிக்கொண்டிருக்கும்போதோ பரப்பில் சோப்புப் படிவம் இருக்கும்போதோ பிடிக்காது.

கசியும் மூட்டை வெட்டி எறிந்துவிட்டு, இரு குழாய் முனைகளை இணைக்கும் புதிய கப்ளிங் இடுவதே முடிவான வழி. குழாயை நேராக வெட்டி, பிசிறை நீக்கி, நன்றாக உலர்த்தி, குழாயின் வெளிப்பக்கத்திலும் கப்ளிங்கின் உட்பக்கத்திலும் பூசி, கால் சுற்றுத் திருப்பியவாறு ஆழமாகத் தள்ளி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடியை விட்டால் மூட்டு தானே பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வரும். உறையில் சொன்ன நேரத்துக்கு முன்பு நீரைத் திறக்காதீர்கள். வெந்நீர்க் குழாய், சூட்டைத் தாங்கும் சி.பி.வி.சி. வகையாக இருந்தால் அதற்கென விற்கும் சிமென்டையே கேட்டு வாங்குங்கள்.

இரும்புக் குழாயில் எம்-சீல் வைப்பதாயின், துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்ற உலோகம் தெரியும் வரை எடுக்க வேண்டும். துருவின்மேல் வைத்தால் துரு உதிரும்போது எம்-சீலும் சேர்ந்து உதிரும். கடலோர வீடுகளில் அது விரைவிலேயே நடக்கும். இரண்டு கட்டிகளையும் கோடுகளின்றி ஒரே நிறமாகும் வரை பிசைவது முக்கியம்.

கேள்வி: மழைக்காலத்தில் செருப்பின் அடி பிரிந்துவிடுகிறது. எதைக்கொண்டு ஒட்டலாம்?
(வாசகி, முட்டம்)

பதில்: நடக்கும்போது செருப்பு வளைவதால் அடிப்பாகம் ஒவ்வோர் அடிக்கும் உரிக்கப்படுகிறது. சூப்பர் க்ளூ இறுகினால் வளையாது, உடையும். இதற்கு வேண்டியது ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் வகைப் பசை. மணலையும் உப்பையும் நன்னீரில் கழுவி, ஒரு நாள் உலர்த்தி, இரு பக்கமும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டிலும் பூசிய பின் ஒட்டாமல் காத்திருங்கள். விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்கு வந்தபின், பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், சரியான இடத்தில் வைத்து ஓங்கி அழுத்துங்கள். வைத்த பிறகு நகர்த்த முடியாது. எவ்வளவு நேரம் அழுத்துகிறீர்கள் என்பதைவிட எவ்வளவு பலமாக அழுத்துகிறீர்கள் என்பதே முக்கியம். இப்பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும், தலைசுற்றலும் தரும்; அடுப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அடிப்பாகம் பிட்டுப்பிட்டு உதிர்ந்தால் எந்தப் பசையும் உதவாது. பாலியுரித்தேன் நுரை அடிகள் அணியாமல் பெட்டியில் வைத்திருந்தாலும்கூட, ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் தாமே சிதைந்துவிடும். ஓரம் உறுதியாக இருக்கும் செருப்பை ஒட்டியதோடு நிறுத்தாமல் தைத்தும் வாங்கிக்கொள்வது நல்லது.

கேள்வி: பிள்ளையின் விரல்கள் ஃபெவிக்விக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டன, பயந்து இழுத்ததில் தோல் உரிந்தது. என்ன செய்திருக்க வேண்டும்?
(வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: இழுக்கவே கூடாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, கரண்டிக் காம்பைப் போன்ற மழுங்கிய பொருளால் மெதுவாக உருட்டிப் பிரிக்க வேண்டும். அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கி பெரியவர்களின் விரலுக்கு உதவும். கண், வாய்க்கு அருகே கொண்டுபோகக் கூடாது. கண் இமை ஒட்டிக்கொண்டால் திறக்க முயலாமல், வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மூடி, உடனே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். இன்னொரு எச்சரிக்கை: இப்பசை பருத்தித் துணியிலோ பஞ்சிலோ கொட்டினால் சட்டென்று சூடாகித் தோலைச் சுடும். வழிந்த பசையைப் பஞ்சால் துடைக்காதீர்கள்.

கேள்வி: பழைய பாட்டுப் புத்தகத்தின் தாள்கள் கிழிந்திருக்கின்றன. செலோடேப் ஒட்டலாமா?
(வாசகர், திருவட்டாறு)

பதில்: வேண்டாம். அதன் பசை தாளுக்குள் இறங்கிச் சில ஆண்டுகளில் மஞ்சள் கறையாகும். பட்டை உதிர்ந்தாலும் கறை போகாது. மரச்சீனி மாவைத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்துக் கண்ணாடிபோல் தெளியும் வரை காய்ச்சி, ஆறவிட்டு, மெல்லிய தாள் பட்டையில் தடவிக் கிழிசலின் பின்புறம் ஒட்டுங்கள். பின்னால் ஈரப்படுத்தி நீக்கிவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை. பூச்சி வராமலிருக்கப் பைண்டிங் செய்பவர்கள் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் புரட்டும் புத்தகத்துக்கு ஆகாது. அன்றன்றைக்குக் காய்ச்சிய பசையே போதும்.

கேள்வி: மீன்கறி வைக்கும் மண்சட்டியில் விரிசல். அரால்டைட் போட்டு அடைக்கலாமா?
(வாசகி, கருங்கல்)

பதில்: கூடாது. வீட்டு எபாக்சிகள் அடுப்புச் சூட்டில் இளகும். புளியும் உப்பும் சேர்ந்து கொதிக்கும் பாத்திரத்தில் அவை இருக்கவே கூடாது. பிரஷர் குக்கர் கைப்பிடியையும் இதே காரணத்தால் ஒட்டாமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சூப்பர் க்ளூ குழாய் ஒருமுறை திறந்தால் அடுத்த முறைக்குள் கல்லாகிவிடுகிறது. எப்படிப் பாதுகாப்பது?
(வாசகர், பூதப்பாண்டி)

பதில்: திறக்காத குழாயைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரும் வரை காத்திருங்கள். இல்லையெனில் குளிர்ந்த குழாயில் காற்றின் ஈரம் படிந்து உள்ளே போகும். திறந்த குழாயின் மூக்கைத் துடைத்து, நேராக நிறுத்தி, இறுக்கமாக மூடும் டப்பாவுக்குள், மருந்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் சில வாரம் தாங்கும். மழை மாதங்களில் அதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு வேலைக்கு ஒன்று என்று மிகச் சிறிய குழாயாக வாங்குவதே ஆதாயம்.